மாஸ்ட் செல் கட்டி ஸ்லைடில் நடுப்பகுதி மட்டும் வெளிறுகிறது, ஏன்? கூடவே, விலங்குப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு எந்த வாசல்?

வால்நட்சத்திரம்:

வணக்கம். கால்நடை மருத்துவப் படிப்பில் கடைசி வருடம். அடுத்து விலங்குகளின் புற்றுநோய் ஆராய்ச்சிதான் என்று முடிவு செய்தாயிற்று. இப்போது கையில் இருப்பது ஒரு சின்ன ஆய்வு. நாய்த் தோலில் வந்த மாஸ்ட் செல் (ஹிஸ்டமின் துகள்கள் நிறைந்த நோயெதிர்ப்பு செல்) கட்டிகளின் பழைய மெழுகு பிளாக், அதாவது மெழுகில் பதித்த திசு, 60. அவற்றில் கிட் (மாஸ்ட் செல்லின் ஏற்பிப் புரதம்), கேஐ-67 (பெருகும் செல்லில் காணும் புரதம்) இரண்டுக்கும் இம்யூனோ ஸ்டெயின் (ஆன்டிபாடி வழியாகச் சாயமேற்றுவது) போட்டு, அந்த நாய்கள் அறுவை சிகிச்சைக்குப் பிறகு எவ்வளவு காலம் இருந்தன என்பதோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.

வெள்ளோட்டமாக 10 பிளாக் வெட்டிப் பார்த்ததில் பாதியில் ஒரே கோளாறு. துண்டின் ஓரத்தில் 2, 3 மி.மீ. வரை சாயம் பளிச்சென்று ஏறியிருக்கிறது, நடுவே போகப் போக வெளிறிவிடுகிறது. வேறு சில ஸ்லைடுகளில் நேர்மாறு: கட்டி செல் இல்லாத இடத்திலும் பழுப்புப் புள்ளிகள். முதல் ஆன்டிபாடியை அடர்த்தியாக்குவதா, ஆன்டிஜென் மீட்பு (ஃபார்மலின் மறைத்த புரதத்தை ஆன்டிபாடிக்குத் திறந்துவிடும் படி) நேரத்தைக் கூட்டுவதா?

இன்னொன்று. இந்தத் துறைக்குள் போக பேத்தாலஜி (நோய்க்குறியியல்) ரெசிடென்சி என்ற சிறப்புப் பயிற்சி, நேரடி பிஹெச்டி, புற்றுநோய் சிகிச்சைப் பிரிவு என்று மூன்று வழி சொல்கிறார்கள். அன்றாடம் எதில் என்ன வேலை என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.


மெழுகுக்கட்டி:

ஆன்டிபாடியில் கை வைக்காதீர்கள். ஓரம் நன்றாக ஏறி நடு வெளிறினால், தவறு பெரும்பாலும் உங்கள் மேசையில் நடந்ததில்லை. கட்டியை அறுத்தெடுத்த அன்றே நடந்து முடிந்துவிட்டது.

ஃபார்மலின் திசுவுக்குள் நிதானமாகத்தான் இறங்கும். மணிக்கு 1 மி.மீ. என்று சொல்வதே தாராளமான கணக்கு. ஆழம் போகப் போக இன்னும் மெதுவாகும். 4 செ.மீ. கட்டியைக் கீறாமல் முழுசாக ஒரு சின்ன டப்பாவில் திணித்து, மேலே கொஞ்சம் ஃபார்மலின் ஊற்றி அனுப்பினால், அதன் நடுப்பகுதி ஃபார்மலினையே பார்க்காமல் சிதைய ஆரம்பித்துவிடும். பிறகு திசு பிராசசரில் ஏறும்போது அந்த நடுவை ஆல்கஹால்தான் உறையவைக்கிறது. ஆக, ஒரே துண்டில் இரண்டு விதப் பதம்: ஓரம் ஃபார்மலினில், நடு ஆல்கஹாலில். ஒரே மீட்பு முறை இரண்டுக்கும் சரிவராது. நேரத்தைக் கூட்டினால் நடு தெளியாது, துண்டுதான் ஸ்லைடை விட்டுக் கழன்று மிதக்கும்.

இதுதான் காரணமா என்று உறுதி செய்ய ஒரே நாள் போதும். அதே பிளாக்கின் சாதாரண ஹெமடாக்ஸிலின்-ஈயோசின் ஸ்லைடை எடுத்து நடுவைப் பாருங்கள். உட்கருவின் விளிம்பு மங்கி, உள்ளே குரோமட்டின் மணிமணியாகத் தெரியாமல் ஒரே நீலப் பூச்சாக இருக்கும். அடுத்து விமென்டின் என்ற புரதத்துக்கு ஸ்டெயின் ஒன்று போடுங்கள். இணைப்புத் திசு, ரத்தக்குழாய் எங்கும் விமென்டின் உண்டு. ஆகவே அது ஏறாத இடம் எதற்குமே லாயக்கில்லாத இடம். விமென்டின் எங்கும் ஒரே சீராக ஏறி, கிட் மட்டும் நடுவில் வெளிறினால்தான் உங்கள் கைவேலையைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் வெளிறிய பகுதியின் எல்லையைக் கவனியுங்கள். பதப் பிழையின் எல்லை குளத்தில் நீர் வற்றிய தடம் மாதிரி துண்டின் வடிவத்தையே பின்பற்றும். வட்டமாகவோ நேர்கோடாகவோ எல்லை இருந்தால் அது காற்றுக்குமிழி, அல்லது திரவம் முழுசாகப் பரவாமல் காய்ந்த இடம்.

பழுப்புப் புள்ளிகளுக்கு வருவோம். இந்தக் கட்டிக்கென்றே இரண்டு பொறிகள் இருக்கின்றன. மாஸ்ட் செல் கட்டிக்குள் ஈயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் ஈ மொய்ப்பது போல மொய்க்கும். அவற்றின் சொந்த பெராக்ஸிடேஸ் நொதியே உங்கள் டிஏபி சாயத்தைப் பழுப்பாக்கிவிடும். 3% ஹைட்ரஜன் பெராக்ஸைடு 10 நிமிடம் என்பது மற்ற திசுக்களுக்குப் போதும், இங்கே போதாமல் போகலாம். புதிதாகக் கரைத்த திரவத்தில் இரண்டு முறை வையுங்கள். இரண்டாவது பொறி அவிடின். மாஸ்ட் செல்லின் துகள்களில் ஹெப்பரின் இருக்கிறது, அவிடின் அதில் தானாகவே போய் ஒட்டும். அவிடின்-பயோடின் சாயத் தொகுப்பு வைத்திருந்தால் அதை வேறு ஆய்வுக்கு ஒதுக்கிவிட்டு, அவிடின் இல்லாத பாலிமர் வகைக்கு மாறுங்கள். முதல் ஆன்டிபாடி இல்லாமல், மற்ற எல்லாப் படிகளோடும் ஒரு ஸ்லைடு ஓட்டினால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். அதிலும் பழுப்பு வந்தால் ஆன்டிபாடிக்கு அதில் பங்கே இல்லை.

60 பிளாக்கில் எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்ற விதியை இப்போதே தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள். உள்ளேயே இருக்கும் கட்டுப்பாடு உங்களுக்கு உதவும்: கேஐ-67-க்கு மேல்தோலின் அடி அடுக்கும் மயிர்க்கால் குமிழும், கிட்டுக்குக் கட்டிக்கு வெளியே தோலில் திரியும் சாதாரண மாஸ்ட் செல்லும். இவை ஏறாத பகுதியில் எண்ணக் கூடாது; எண்ணத் தகுந்த பரப்பு மிச்சம் இல்லாவிட்டால் அந்த பிளாக் வெளியே. எந்த நாய் பிழைத்தது, எது செத்தது என்று தெரிந்த பிறகு இந்த முடிவை எடுத்தால் ஆய்வு அத்தோடு கெட்டது.

எண்ணுவதில் ஒரு விஷயம் பலரும் கோட்டை விடுவது. கியூபெல் குழு இந்தக் கட்டிக்கு 2011-இல் தந்த இருநிலைத் தரப்படுத்தலில் உயர்தரம் (அதாவது மோசமான வகை) என்று சொல்ல, 10 உயர்பெருக்கப் புலத்தில் (நுண்ணோக்கியில் ஒரே பார்வையில் தெரியும் வட்டம்) 7 செல்பிரிவு, அல்லது 3 பல்கருச் செல், அல்லது 3 விநோத வடிவக் கரு, இவற்றில் ஏதேனும் ஒன்று குறைந்தபட்சம் இருக்க வேண்டும். கருக்கள் அசாதாரணமாகப் பருத்திருப்பதும் இன்னொரு அளவுகோல். ஆனால் '10 புலம்' என்பது ஒவ்வொரு நுண்ணோக்கியிலும் ஒவ்வொரு பரப்பு. இப்போது 2.37 சதுர மி.மீ. என்று பரப்பாகவே சொல்கிறார்கள். கண்வில்லையில் 22 என்று புல எண் பொறித்திருந்தால் 40 மடங்கு லென்ஸில் புலத்தின் விட்டம் 0.55 மி.மீ.; 10 புலம் சரியாக வரும். 20 என்று இருந்தால் 12 புலம் வேண்டும், 25 என்றால் 8 போதும். இதைக் கவனிக்காத இரண்டு பேர் ஒரே ஸ்லைடுக்கு இரண்டு தரம் கொடுத்துவிட்டு, கட்டியைப் பற்றி வாக்குவாதம் செய்துகொண்டிருப்பார்கள்.

செல்பிரிவு அதிகம் தெரியும் இடத்தைத் தேடி, அங்கிருந்து எண்ணத் தொடங்குங்கள். சுருங்கிக் கறுத்த கருவையும், ஊசிக்குத்தலில் நசுங்கிய கருவையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.


காலர்பெல்ட்:

மெழுகுக்கட்டி சொன்னது முழுக்க சரி. நான் பிளாக் ஆகறதுக்கு முந்தின கட்டத்தைச் சொல்றேன், ஏன்னா இந்த 60 முடிஞ்சதும் புதுசா கேஸ் சேர்க்கச் சொல்லுவாங்க. அப்போ கிளினிக்குக்கு ஒரு பக்கத்துல செய்முறை எழுதிக் குடுங்க. ரெண்டு பக்கம் குடுத்தா யாரும் படிக்கமாட்டாங்க.

ஊசில உறிஞ்சி எடுக்க 22ல இருந்து 25 கேஜ் ஊசி, 5 மில்லி சிரிஞ்ச். ஸ்லைடுல தடவிக் காத்துல உலர்த்தணும், ஈரத்தோட மூடக் கூடாது. டிஃப்-குவிக் போட்டுத் துகள் தெரியலைன்னா "மாஸ்ட் செல் இல்லை"ன்னு உடனே எழுதிடாதீங்க. சில கட்டிகள்ல அந்தச் சாயம் துகளைப் பிடிக்கவே பிடிக்காது. ரைட்-ஜீம்சா இல்லன்னா டொலுயிடின் நீலம் போட்டா அதே ஸ்லைடு செட்ல ஊதாத் துகள் கொட்டிக் கிடக்கும். கட்டியை ரொம்பப் பிசையாதீங்க, ஹிஸ்டமின் வெளியேறி அந்த இடமே தடிச்சு சிவந்துடும். அப்புறம் அளவெடுத்தா கட்டி பெருசான மாதிரி பதிவாகும்.

இப்போ ரொம்ப முக்கியமானது. இந்த உறிஞ்சல் ஸ்லைடையும் ஃபார்மலின் டப்பாவையும் ஒரே பார்சல்ல வைக்கவே கூடாது. மூடி எவ்வளவு இறுக்கமா இருந்தாலும் ஆவி கசியும். அது ஸ்லைடுல பட்டா செல்லெல்லாம் பாதி பதமாகி, சாயம் போட்டதும் எல்லாம் ஒரே பச்சை-நீல மங்கலா நிக்கும். சரி பண்ண வழி கிடையாது. தனித்தனிப் பெட்டி, முடிஞ்சா தனித்தனி நாள்.

கட்டியை வெட்டி எடுத்ததும் முதல்ல விளிம்புக்கு மை. ஒத்தி எடுத்து, மை பூசி, 5 நிமிஷம் காயவிட்டு அப்புறம்தான் ஃபார்மலின். ஈரத்துல பூசினா மை உள்ள ஓடிடும், விளிம்பு எதுன்னு அப்புறம் கடவுளுக்குத்தான் தெரியும். 2 செ.மீ.க்கு மேல இருந்தா மேல்தோல் பக்கம் இருந்து 1 செ.மீ. இடைவெளியில கீறுங்க, ஆனா அடி விளிம்பை வெட்டாம விடுங்க, புத்தகம் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கட்டும். ஒரு பங்கு திசுவுக்கு 10 பங்கு திரவம். வாய் குறுகின பாட்டில் வேண்டாம்: போகும்போது மெத்துன்னு போகும், பதமானப்புறம் கல்லு மாதிரி ஆகி வெளிய வராது.

மரபணு வேலையும் உண்டுன்னா, ஃபார்மலின்ல போடறதுக்கு முன்னாடியே 5 மி.மீ.க்கு மேல தடிமன் போகாத ஒரு துண்டை ஆர்என்ஏ காப்புத் திரவத்துல போட்டு, ராத்திரி 4 டிகிரில வச்சுட்டு மறுநாள் மைனஸ் 80க்கு மாத்துங்க. கூடவே ஈடிடிஏ (ரத்தம் உறையாம வைக்கிற) குழாய்ல ரத்தம். கட்டில பார்த்த மாற்றம் கட்டியோடதா, நாய் பிறக்கும்போதே வச்சிருந்ததான்னு பிரிக்க இது இல்லாம முடியாது. இதை மறந்துட்டு, ஆறு மாசம் கழிச்சு உரிமையாளரைத் தேடிப் போய் ரத்தம் கேக்கறது சங்கடமான வேலை.

லிம்ஃபோமா (நிணநீர் செல் புற்று) கேஸ்னா வேற கதை. செல்லை ஒண்ணொண்ணா ஓடவிட்டு வகை பிரிக்கிற ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு உயிருள்ள செல் வேணும், ஃபார்மலின் பட்டா தீர்ந்தது. சீரம் சேர்த்த உப்புக்கரைசல்ல போட்டு, உறையவிடாம குளிர்ச்சியா, அடுத்த நாளுக்குள்ள லேபுக்குப் போய்ச் சேரணும். ஐஸ் கட்டி மேல குழாயை நேரா வைக்காதீங்க, நடுவுல துணி சுத்துங்க.


கணக்குப்பிள்ளை:

ஸ்டெயின் சரியாகிவிடும். எனக்கு உறுத்துவது "எவ்வளவு காலம் இருந்தன" என்ற அந்த வரி.

நாயின் ஆயுள் முடிவு பெரும்பாலும் உரிமையாளர் கருணைக்கொலைக்கு ஒப்புக்கொண்ட தேதி. கட்டி மோசமானதால் மட்டும் அந்தத் தேதி வருவதில்லை. செலவு, வீட்டுச் சூழ்நிலை, மூட்டுவலியால் எழ முடியாமல் போனது, ஏன், பேத்தாலஜி அறிக்கையில் 'உயர்தரம்' என்று படித்ததுமே மனம் விட்டுப்போனது, எல்லாம் சேர்ந்து வரும். கடைசிக் காரணம்தான் விஷம். நீங்கள் அளக்கும் தரமே முடிவைத் தூண்டுகிறது, பிறகு அதே முடிவை வைத்துத் தரம் சரியாகக் கணித்தது என்று எழுதுகிறோம். தப்பிக்க முழு வழி இல்லை. ஆனால் கட்டி அதே இடத்தில் மீண்டு வந்த தேதி, நிணநீர்க் கணுவுக்குப் பரவியது உறுதியான தேதி, இறந்த தேதி, இறப்பின் காரணம் என்று நான்கையும் தனித்தனியாகப் பதிந்தால் பாதி ஆபத்து குறையும். பிரேதப் பரிசோதனை இல்லாத கேஸில் காரணம் என்ற கட்டத்தை ஊகித்து நிரப்பாமல் 'தெரியாது' என்றே விடுங்கள்.

காலக்கணக்கின் தொடக்கம் அறுவை சிகிச்சை நாளாக இருக்கட்டும், எல்லா நாய்க்கும் அதே. சிலவற்றுக்கு முதல் வருகை, சிலவற்றுக்கு அறிக்கை வந்த தேதி என்று கலந்தால் எத்தனை பேர் எவ்வளவு காலம் பிழைத்தார்கள் என்று காட்டும் கப்லான்-மையர் கோடு அழகாக வரும், பொருள் இருக்காது. தொடர்பு விட்டுப்போன நாயைச் செத்ததாகவும் எழுதக் கூடாது, தூக்கிப் போடவும் கூடாது. கடைசியாக உயிரோடு பார்த்த தேதியோடு நிறுத்தி, 'சென்சார்டு' (அதற்குப் பிறகு என்ன ஆனது என்று தெரியாதது) என்று குறிக்க வேண்டும்.

60 என்ற எண்ணைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். இந்தக் கணக்குக்குச் சத்து தருவது நாய்களின் எண்ணிக்கை இல்லை, கட்டியால் இறந்த நாய்களின் எண்ணிக்கை. தோல் மாஸ்ட் செல் கட்டிகளில் பெரும்பாலானவை தாழ்தரம், வெட்டியதோடு சரி. 60-இல் 9 மட்டும் கட்டியால் இறந்திருந்தால், கிட் அமைப்பு (செல்லில் கிட் எந்த இடத்தில் ஏறுகிறது என்பது), கேஐ-67, தரம், கட்டியின் அளவு, வயது என்று ஐந்து காரணிகளை ஒரே காக்ஸ் மாதிரியில் (பிழைக்கும் காலத்தைக் காரணிகளோடு இணைக்கும் கணக்கு) போட முடியாது. ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதையும் முன்கூட்டியே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாய்க்கு மூன்று கட்டி இருந்து மூன்று பிளாக் இருந்தால் அது மூன்று சான்று இல்லை, ஒரு நாய்தான்.

கேஐ-67-க்கு எந்த எல்லைக்கு மேல் ஆபத்து என்று உங்கள் தரவிலேயே தேடி, பி-மதிப்பு மிகச் சிறியதாக வரும் இடத்தில் கோடு போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். இருக்கும் 60-ஐ வைத்து இருக்கும் 60-க்கே அளவெடுத்துத் தைத்த சட்டை அது. அடுத்த ஆய்வகத்தில் எவருக்கும் பொருந்தாது. ஏற்கெனவே வெளியான எல்லையைச் சோதியுங்கள், அல்லது எண்ணைத் தொடர் மதிப்பாகவே மாதிரியில் விடுங்கள்.

சிகிச்சை விவரம் இல்லாமல் எதுவும் எழுதாதீர்கள். உயர்தரம் என்று அறிக்கை வந்த நாய்க்கு வின்பிளாஸ்டின், டொசெரனிப் என்று புற்றுநோய் மருந்துகளைக் கூடுதலாகக் கொடுத்திருப்பார்கள். அதைச் சேர்க்காமல் பார்த்தால் கெட்ட கட்டி நல்ல கட்டி மாதிரித் தெரியும்.


வால்நட்சத்திரம்:

எல்லோருக்கும் நன்றி. ஆன்டிபாடி இல்லாத ஸ்லைடில் பழுப்பு வந்தது, அவிடின்-பயோடின் தொகுப்புதான் பயன்பாட்டில் இருந்தது. பாலிமருக்கு மாற்றுகிறேன். விமென்டினும் நடுவில் வெளிறல்தான்.

இரண்டு கேள்வி மிச்சம். அந்த பிளாக்குகளை உருக்கி, திசுவை மறுபடி ஃபார்மலினில் போட்டுப் புதிதாகப் பிராசஸ் செய்தால் நடு தேறுமா? இன்னொன்று பழைய கேள்விதான், எந்த வாசல்?


நாலாம்மாடி:

வாசல் கேள்விக்கு நான் வருகிறேன்.

பேத்தாலஜி ரெசிடென்சி பொதுவாக 3 வருடம். பகலில் பிரேதப் பரிசோதனை, மாலையில் பயாப்ஸி தட்டு, நடுவே யாரோ அனுப்பிய பாதி அழுகிய மண்ணீரல். முடிவில் அமெரிக்க, ஐரோப்பிய கால்நடை நோய்க்குறியியல் கல்லூரிகள் நடத்துவது போன்ற தகுதித் தேர்வு. அதில் பசு, பூனை, குதிரை, கோழி, மீன், ஆய்வக எலி என்று எந்தத் திசுவையும் நீட்டுவார்கள். தேர்வில் ஒரே முறையில் தேறாதவர்கள் ஏராளம், அது யாரையும் கீழே தள்ளிவிடுவதில்லை. பிஹெச்டி மூன்றிலிருந்து ஐந்து வருடம், ஒரே கேள்வி, அதற்குள் ஒரே புரதம். மூன்றாவது வழி புற்றுநோய் சிகிச்சை ரெசிடென்சி: வெளிநோயாளிப் பிரிவு, கீமோ அளவுக் கணக்கு, மருந்துச் சோதனைகளில் நாய்களைச் சேர்ப்பது, பக்கவிளைவைத் தரவாரியாகப் பதிவது.

என் கருத்து ஒருதலையானது, தெரிந்தே சொல்கிறேன்: முதலில் ஸ்லைடு படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு பிஹெச்டி. மூலக்கூறு வேலையை எந்த வயதிலும் கற்கலாம். ஆயிரக்கணக்கான கட்டிகளைப் பார்த்துக் கண்ணுக்குப் பழகும் காரியத்தை 35 வயதுக்குப் பிறகு உட்கார்ந்து செய்ய யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. ஸ்லைடு படிக்கத் தெரியாதவர் ஒரு கட்டியிலிருந்து ஆர்என்ஏ பிரித்து வரிசைப்படுத்தினால், அவர் எடுத்த துண்டில் பாதி அழுகல், கால்வாசி அழற்சி செல் என்பது அவருக்குக் கடைசி வரை தெரியாது. முடிவில் 'புதிய மரபணுத் தடம்' என்று வருவது அழற்சியின் தடமாக இருக்கும். எதிர்ப்பக்கப் பள்ளமும் உண்டு. வெறும் ரெசிடென்சியோடு நின்றவர்கள் 30 கேஸ் சேர்த்து 'இவை இப்படி இருந்தன' என்று எழுதிக்கொண்டே காலம் தள்ளுவார்கள், கேள்வி என்று ஒன்று இருக்காது.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே வேலை இருக்கிறதா என்றால், மருந்து நிறுவனங்களின் நச்சியல் பேத்தாலஜியில் எப்போதும் ஆள் தேவை. சம்பளம் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தைவிட மேல். ஆனால் அங்கே பெரும்பகுதி எலி, சுண்டெலி. ஒரு மருந்தின் மூன்று அளவு, ஒரு கட்டுப்பாட்டுக் குழு, ஒவ்வொரு விலங்கிலும் 40-க்கு மேல் உறுப்பு, எல்லாவற்றையும் ஒரே சொல்வழக்கில் பதிய வேண்டும். இன்று 'லேசான' என்று எழுதியதை நாளை 'மிதமான' என்று எழுதினால் தணிக்கையில் மாட்டுவீர்கள். வீட்டு நாயின் கட்டியை அங்கே பார்க்கக் கிடைக்காது. பிடிக்கும் சிலருக்கு மிகவும் பிடிக்கும்.

நாய்ப் புற்றுநோயை மனித நோய்க்கு மாதிரி என்று சொல்லி நிதி கேட்பது இப்போது வழக்கம், வழியும் பழையதுதான். பெய்டன் ரவுஸ் 1911-இல் கோழியின் சார்கோமாவைச் செல் நீக்கிய வடிநீரால் பரப்பிக் காட்டினார். நோபல் பரிசு வந்தது 1966-இல். பூனை லுக்கீமியா வைரஸை 1964-இல் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரட் குழு கண்டது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2003-இல் ஒப்பீட்டுப் புற்றுநோயியல் திட்டத்தைத் தொடங்கியது. மோரிஸ் விலங்கு அறக்கட்டளை 3,044 கோல்டன் ரிட்ரீவர் நாய்களைச் சேர்த்து வாழ்நாள் முழுக்கத் தொடரும் ஆய்வை நடத்துகிறது. ஆனால் 'மாதிரி' என்ற சொல்லை எழுதும்போது கையை அடக்குங்கள். நாயின் சிறுநீர்ப்பைப் புற்றில் பெரும்பாலும் காணும் பிராஃப் மரபணு மாற்றம் மனிதரில் மெலனோமாவில் பிரபலமான அதே இடத்து மாற்றம்தான். நாயின் வாய் மெலனோமாவிலோ அது அரிது. லிம்ஃபோமாவுக்கான ஆன்டிபாடி மருந்து ரிடுக்சிமாப் மனித செல்லின் சிடி20 புரதத்தைப் பிடிக்கும், நாயின் சிடி20-ஐப் பிடிக்காது. எந்தக் கட்டி, எந்த மாற்றம், எந்த மருந்து என்று குறிப்பாகச் சொல்லாத 'மாதிரி'க்கு மதிப்புரையாளர்கள் இப்போது மசிவதில்லை.

விலங்குக்கென்றே இருக்கும் கேள்விகளும் வறண்டுவிடவில்லை. நாய்களில் இனச்சேர்க்கை வழியாகப் பரவும் கட்டியில் தொற்றுவது வைரஸ் இல்லை, கட்டியின் செல்லே உடல் விட்டு உடல் போகிறது. டாஸ்மேனியப் பிசாசு என்ற விலங்கின் முகக் கட்டியும் அப்படித்தான், முதலில் கண்ணில் பட்டது 1996-இல். பூனைகளில் ஊசி போட்ட இடத்தில் வரும் சார்கோமாவுக்கு 3-2-1 விதி உண்டு: வீக்கம் 3 மாதத்துக்கு மேல் நின்றாலோ, 2 செ.மீ.-ஐத் தாண்டினாலோ, 1 மாதத்துக்குப் பிறகும் வளர்ந்துகொண்டிருந்தாலோ பயாப்ஸி எடு. ஏன் அது மற்ற இனங்களைவிடப் பூனையில் இப்படி வருகிறது என்பதில் தோண்ட இன்னும் நிறைய இடம் இருக்கிறது.


பெட்ரிதட்டு:

நாலாம்மாடி செல் வளர்ப்பை ஒரு வரி கூடச் சொல்லாமல் தாண்டிவிட்டார், பேத்தாலஜிக்காரர்கள் எப்போதும் அப்படித்தான். சுருக்கமாக: யாராவது நாய்க் கட்டி செல் வரிசை (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல்) கொடுத்தால், வாங்கிய அன்றே மைக்கோபிளாஸ்மா சோதனை, அது தெளியும் வரை தனி இன்குபேட்டர். மைக்கோபிளாஸ்மா தொற்றினால் ஊடகம் கலங்காது, மற்ற பாக்டீரியா மாதிரி காட்டிக்கொடுக்காது; செல் மெதுவாக வளரும், மருந்துக்கு விநோதமாக நடந்துகொள்ளும், அவ்வளவுதான். அடுத்து டிஎன்ஏ அடையாளச் சோதனை, நாய்க்கான குறிகளை வைத்து. இனமே மாறிப்போன செல்லும் உலவுகிறது. உறையவைத்த குப்பியில் எத்தனையாவது பரப்பல் (புதுத் தட்டுக்கு மாற்றி வளர்த்த முறை) என்ற எண் இல்லாவிட்டால் அதில் தொடங்கவே வேண்டாம்.


மெழுகுக்கட்டி:

பேத்தாலஜிக்காரர்கள் மீதான குற்றச்சாட்டு ஏற்கப்பட்டது.

பிளாக்கை உருக்கும் யோசனைக்கு: செய்யலாம், பலன் இல்லை. மெழுகை உருக்கி, சைலீன், ஆல்கஹால் வழியாகத் திரும்பி நீருக்கு வந்து ஃபார்மலினில் போட்டாலும், ஆல்கஹாலில் ஏற்கெனவே உறைந்த புரதம் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. சிதைந்த கருவும் மீளாது. தப்பிப்போனால் இருக்கும் ஒரே நல்ல ஓரத்தையும் இழப்பீர்கள்.

அதற்குப் பதில் இரண்டு காரியம். முதலில் அந்தக் கேஸ்களின் ஈரத் திசு டப்பாக்கள் இன்னும் அலமாரியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் கட்டியின் வெளிவிளிம்பிலிருந்து 3 மி.மீ. தடிமனில் புதுத் துண்டு எடுத்துப் பிராசஸ் செய்யலாம். ஆனால் மாதக்கணக்கில் ஃபார்மலினில் கிடந்த திசுவில் கேஐ-67 குறைத்துக் காட்டும். 24-இலிருந்து 48 மணி நேரம் பதமானவற்றோடு அதை ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள். தரத்துக்கும் கிட் அமைப்புக்கும் எடுத்துக்கொண்டு, கேஐ-67 கட்டத்தைக் காலியாக விடுங்கள். அடுத்து, ஈரத் திசு இல்லாத பிளாக்கில் நல்ல ஓரத்தின் பரப்பை அளந்து பாருங்கள். அந்த ஓரத்தில் 2.37 சதுர மி.மீ. கட்டித் திசு தேறினால் போதும், 4 மி.மீ. நீளமும் 0.6 மி.மீ. அகலமும் உள்ள ஒரு பட்டை அதற்கு மேல் வந்துவிடும். உங்கள் ஓரம் 2, 3 மி.மீ. என்கிறீர்கள், ஆகப் பெரும்பாலான பிளாக் தப்பும் என்றே நினைக்கிறேன். ஓரத்தில் மட்டும் எண்ணியவை எவை என்று அட்டவணையில் தனியாகக் குறியுங்கள், ஏனெனில் செல்பிரிவு மிகுந்த இடம் நடுவில் இருந்து கைநழுவியிருக்கலாம்.

ஃபார்மலினைச் சொந்தமாகக் கலக்குவதென்றால்: கடையில் கிடைக்கும் 37 முதல் 40% வரையான ஃபார்மலின் 100 மில்லி, காய்ச்சி வடித்த நீர் 900 மில்லி, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். பிஹெச் 7-ஐ ஒட்டி நிற்க வேண்டும். உப்பைப் போடாமல் நீர் மட்டும் ஊற்றிக் கலக்கினால் நாளடைவில் அமிலமாகி, ரத்தம் மிகுந்த இடமெல்லாம் கரும்பழுப்புத் துகள் படியும். புகைக்கூண்டுக்குள் கலக்குங்கள், கையுறை நைட்ரைலாக இருக்கட்டும். ஃபார்மால்டிஹைடே உறுதிசெய்யப்பட்ட புற்றுநோய்க் காரணி.

விமென்டின் ஸ்லைடை வீசிவிடாதீர்கள், 60-க்கும் ஒவ்வொன்று வெட்டி வையுங்கள். எந்த பிளாக்கை ஏன் தள்ளினீர்கள் என்று மதிப்புரையாளர் கேட்கும்போது அதைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.